தண்ணீரில் போட்ட காசு

எடின்பரோ,
20 ஜனவரி 2025

அன்புள்ள ரேணுகா அத்தைக்கு,

ஓவியா எழுதுகிறேன். காது எப்படி இருக்கிறது என்று கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். அதனால் கால் எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன். சர்க்கரை மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறீர்களா? இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது, அது ஒன்றுதான் குறை.

போன மாதம் போனில் பத்து நிமிஷம் கத்தினேன். "யாரு, கேஸ்காரனா? சிலிண்டர் போன வாரமே வந்துடுச்சுப்பா" என்று வைத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம்.

என் ஆராய்ச்சி புத்தகமாக வரப்போகிறது, அத்தை. எதைப் பற்றி என்று நீங்கள் கேட்டு நான் சரியாகச் சொன்னதே இல்லை. கடையைப் பற்றித்தான். வெள்ளைக்காரர்கள் ஊர் ஊராகப் பிடித்து ஆண்ட காலத்தில், ஆப்பிரிக்காவையும் கடல் தீவுகளையும் வைத்து நிறைய நாவல்கள் எழுதினார்கள். அவற்றில் காட்டோரமாக ஒரு சரக்குக்கடை வராமல் இருக்காது. தகரக் கூரை, நீளமாக ஒரு மரப்பலகை, பலகைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரக் கடைக்காரர். உப்பு, துணி, மண்ணெண்ணெய், கோடாலி. கதையில் புதிதாக யார் வந்தாலும் அங்கேதான் வந்து இறங்குவார்கள். கடிதம் வருவதும் அங்கே, சண்டை ஆரம்பிப்பதும் அங்கே. அந்தக் கடை கதையில் என்ன வேலை செய்கிறது என்பதுதான் என் புத்தகம்.

முதல் பக்கத்தில் உங்கள் கடையைப் பற்றி எழுத ஆசைப்படுகிறேன். அப்பா இருந்திருந்தால் அவரிடமே கேட்டிருப்பேன். கோடை லீவுக்கு அடி அண்ணாமலைக்கு வந்தால் நான் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருப்பேனே, அந்தப் பக்கத்துச் சன்னல் நினைவிருக்கிறதா? சன்னலுக்குக் கீழே தண்ணீர் நிறைந்த பித்தளைக் கிண்ணம். பொட்டலம் வழுக்கிப் போகத் தகரச் சறுக்கு. அதெல்லாம் எதற்காக வைத்தீர்கள்? கிண்ணம் இன்னும் இருக்கிறதா? அதைப் படம் எடுத்து அட்டையில் போடலாம் என்று நினைக்கிறேன்.

கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள். உங்கள் கையெழுத்துக்கு முன்னால் என்னுடையது எப்போதும் அப்படித்தான்.

உங்கள் மருமகள்,
ஓவியா

*

அடி அண்ணாமலை,
14.2.2025

அன்பு ஓவியாவுக்கு அத்தை ரேணுகாம்பாள் எழுதியது.

மலை இருக்கிறது, நானும் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? குளிருக்குக் காலுறை போடு. என் கால் மரத்துப்போய்த்தான் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து வரும்போது ஒரு செருப்பு எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது. வீட்டு வாசலில் வந்து பார்த்துத்தான் தெரிந்தது. வேறு ஒன்றும் இல்லை.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். என் கடை புத்தகத்தில் வரப்போகிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னேன். "ஃபாரின் புஸ்தகத்துலயா?" என்று வாயைப் பிளந்தார்கள். பிளக்கட்டும்.

கடையைப் பற்றிக் கேட்டாய். எழுதிக்கொள். கல்யாணமாகி நான் வந்தபோது உன் மாமா வேடியப்பனுக்குக் கடையில் ஒன்றும் ஓடாது. விலை போடத் தெரியாது, சரக்கு சொல்லத் தெரியாது. நான் அஞ்சாம் வகுப்பு. மனக்கணக்கில் முதல் மார்க்கு. மூன்று மாதத்தில் கடை என் கைக்கு வந்தது. காலை அஞ்சரைக்குத் திறப்பேன். பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிற கூட்டத்துக்குக் கற்பூரம், சோடா, பொரிகடலை. மற்ற நாளில் ஊர்க்காரர்களுக்கு எல்லாமும். திருவண்ணாமலை டவுனிலிருந்து சரக்கு வரும். கம்மியாகப் போட்டு அனுப்பினால் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவேன். மூட்டைக்காரன் எனக்குப் பயப்படுவான்.

வாங்க வருகிற ஒவ்வொருவர் பெயரும் எனக்குத் தெரியும். யார் வீட்டில் எந்த எண்ணெய், யாருக்குக் காப்பித்தூளில் சிக்கரி ஜாஸ்தி வேண்டும், எல்லாம் தெரியும். அதை எழுது.

கிண்ணம் பழைய பாத்திரக்காரனிடம் போய்விட்டது என்று நினைக்கிறேன். வேறு ஏதாவது படம் போடு. கடையை மூடினாலும் தராசு இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு.

அத்தை

*

எடின்பரோ,
9 மார்ச் 2025

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று வகுப்புக்கே போகவில்லை. செருப்பு விஷயத்தை ஏதோ வேடிக்கை மாதிரி எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து டாக்டரிடம் காலைக் காட்டுங்கள். நான் சுகம், காலுறை இரண்டு போடுகிறேன்.

"வாங்க வருகிற ஒவ்வொருவர் பெயரும் எனக்குத் தெரியும்." இந்த ஒரு வரிக்காகத்தான் உங்களுக்கு எழுதினேன் என்று இப்போது தோன்றுகிறது. ஏன் என்று சொல்கிறேன். அந்த நாவல்களில் கடைக்காரருக்கு எல்லாம் உண்டு. குணம் உண்டு, குடி உண்டு, ஊரில் விட்டுவந்த மனைவியின் கவலை உண்டு. வாங்க வருகிற உள்ளூர் மக்களுக்குப் பெயர்கூட இல்லை. கூட்டமாக வருவார்கள், உப்பை வாங்கிக்கொண்டு கூட்டமாகப் போவார்கள். சில கதைகளில் அவர்கள் கடைக்குள்ளேயே வர முடியாது. வெள்ளைக்காரர்களுக்கு வாசல், உள்ளூர்க்காரர்களுக்குச் சுவரில் ஒரு ஓட்டை. அதன் வழியாகத்தான் சாமான். எழுதியவர்கள் அதைச் சூரியன் கிழக்கே உதித்தது என்பதுபோல எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள்.

அதற்கு நேர் எதிராக உங்கள் கடையை முதல் பக்கத்தில் வைக்கப்போகிறேன். உங்கள் கடையிலும் சுவரில் ஒரு சன்னல் இருந்தது, ஆனால் அது எங்களைப் போன்ற குழந்தைகளுக்காக.

அந்தச் சன்னலுக்கு வருமே ஒரு பெண், அருணாதேவி, என் வயதுதான் இருக்கும். அவள் இப்போது எங்கே? சன்னலைப் பற்றி நீங்கள் ஒன்றுமே எழுதவில்லையே?

அன்புடன்,
ஓவியா

*

அடி அண்ணாமலை,
30.3.2025

ஓவியாவுக்கு அத்தை எழுதியது.

மலைமேல் வெயில் ஏறிவிட்டது. நான் இருக்கிறேன். டாக்டரிடம் காட்டினேன். குண்டூசியால் பாதத்தில் குத்திக் குத்தி "தெரியுதாம்மா, தெரியுதாம்மா" என்றார். தெரியவில்லை என்றேன். மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்.

சன்னல் காற்றுக்காக வைத்தது.

அருணாதேவி இங்கேதான் இருக்கிறாள். காலேஜ் படித்தாள். கிரிவலப் பாதையிலேயே அருணா ஸ்டோர்ஸ் என்று கடை வைத்திருக்கிறாள். ஃபிரிட்ஜ் எல்லாம் இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். அந்த வெள்ளைக்காரன் கதைகளில், ஓட்டை வழியாகச் சாமான் கொடுத்தான் என்று எழுதினாயே, காசை எப்படி வாங்கினான்? அது எழுதியிருக்கிறதா?

அத்தை

*

எடின்பரோ,
20 ஏப்ரல் 2025

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே மரங்களில் பூ வந்துவிட்டது. நான் நலமே. உங்கள் மாத்திரையின் பெயரை எழுதி அனுப்புங்கள், இங்கே ஒரு தோழி டாக்டர், கேட்டுச் சொல்கிறேன்.

என்ன கேள்வி கேட்டீர்கள்! அதற்காக எல்லா நாவல்களையும் மறுபடி புரட்டினேன். காசை எப்படி வாங்கினான் என்று எதிலும் எழுதியிருக்கவில்லை. கை தெரிகிறது, சாமான் தெரிகிறது, காசு மாறுகிற இடம் மட்டும் தெரியவில்லை. என் பேராசிரியரிடம் சொன்னேன். "இதை யார் கேட்டது?" என்றார். "என் அத்தை, அஞ்சாம் வகுப்பு" என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

முதல் பக்கத்தை எழுதிவிட்டேன். நீங்கள் படிப்பதற்காகத் தமிழில் மாற்றி அனுப்புகிறேன்:

"என் அத்தை ரேணுகாம்பாள் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவர். திருவண்ணாமலை மலையைச் சுற்றும் பாதையில் அவர் நடத்திய கடைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் பெயர் இருந்தது. கடையின் பக்கச் சுவரில் குழந்தைகளுக்கென்று தாழ்வாக ஒரு சன்னல். சன்னலுக்குக் கீழே, பித்தளைக் கிண்ணத்தில் தண்ணீர். வெளியிலிருந்து அருணாதேவி என்ற சிறுமி காசை அதில் போடுவாள். நான் கையை விட்டுத் துழாவி எடுப்பேன். மிட்டாய் தகரச் சறுக்கில் வழுக்கிக்கொண்டு அவளிடம் போகும். அவள் சிரிப்பாள். கடை என்பது விளையாட்டாகவும் இருக்க முடியும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். நான் படித்த எந்த நாவலிலும் அப்படி ஒரு கடை இல்லை."

ஒரு உதவி வேண்டும். அருணாதேவியின் பெயரைப் போடுவதால் அவளுடைய சம்மதம் வேண்டும். இந்தப் பக்கத்தை அவளிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். படித்துவிட்டு என்ன சொல்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள். நேரம் இருக்கிறது, ஜூன் கடைசிக்குள் தெரிந்தால் போதும்.

அவளுக்கு என்னை நினைவிருக்குமா?

ஓவியா

*

எடின்பரோ,
5 ஜூன் 2025

அன்புள்ள அத்தைக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? ஆறு வாரமாக உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. போன் செய்தேன். நீங்கள் எடுத்தீர்கள், மூச்சு விடுகிற சத்தம் கேட்டது, வைத்துவிட்டீர்கள். பக்கத்து வீட்டுக்குப் போட்டேன். "நல்லாத்தான் இருக்காங்க, சித்ரா பௌர்ணமிக்குக்கூட வாசல்ல ஒக்காந்து கூட்டத்தப் பாத்துக்கினு இருந்தாங்க" என்றார்கள்.

அருணாதேவியிடம் பக்கத்தைக் கொடுத்தீர்களா? கால் முடியவில்லை என்றால் சொல்லுங்கள், வேறு வழி பார்க்கிறேன். ஒரே ஒரு வரி போதும்.

ஓவியா

*

அடி அண்ணாமலை,
14.6.2025

ஓவியாவுக்கு அத்தை.

இருக்கிறேன். சுண்டுவிரல் பக்கத்தில் ஒரு புண். ஆணி ஏறியிருக்கிறது. எப்போது ஏறியது என்று தெரியாது. தரையில் ரத்தம் கோடு கோடாக இருப்பதைப் பார்த்து, யார் இப்படிச் சிந்தினார்கள் என்று தேடிக்கொண்டே போனேன். என் கால்தான். வலி இல்லை, கவலைப்படாதே.

அருணாதேவியிடம் பக்கத்தைக் கொடுத்தேன். படித்தாள். "நல்லா எழுதியிருக்காங்க, அப்படியே போடச் சொல்லுங்க" என்றாள். உன்னை நினைவிருக்கிறதாம்.

அத்தை

*

அருணா ஸ்டோர்ஸ்,
கிரிவலப் பாதை, அடி அண்ணாமலை,
12.7.2025

ஓவியா அவர்களுக்கு,

வணக்கம். நானும் என் பிள்ளைகளும் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கடை முகவரிக்கு நீங்கள் அனுப்பிய பார்சல் வந்தது. சம்மதம் சொன்னதற்கு நன்றி என்று எழுதி, ஒரு சால்வையும் புத்தகத்தின் முதல் பக்கமும் வைத்திருந்தீர்கள். நான் எதற்கும் சம்மதம் சொல்லவில்லை. உங்கள் அத்தை என்னிடம் எதுவும் கொண்டுவரவில்லை. அவர் என் கடைக்கு வருவதில்லை. காலை விந்தி விந்தி, பையை எடுத்துக்கொண்டு என் கடையைத் தாண்டிப் போய், அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கடையில் வாங்கிக்கொண்டு, மறுபடி என் கடையைத் தாண்டி வருவார். பல வருஷமாக அப்படித்தான். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் நல்லவிதமாக நினைத்துத்தான் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தண்ணீர் எதற்கு என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. எங்களுக்கும் யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

நாங்கள் காலனி ஆட்கள். முன்வாசலில் எங்களுக்குச் சாமான் கிடையாது, அந்தச் சன்னலில்தான். எங்கள் கை பட்ட காசைக் கடைக்காரர் கையால் வாங்கமாட்டார். அது தண்ணீரில் விழுந்து தீட்டுப் போன பிறகுதான் எடுப்பார்கள். கொடுக்கிற கையும் வாங்குகிற கையும் தொட்டுவிடக் கூடாது என்றுதான் தகரச் சறுக்கு. சன்னல் தாழ்வாக இருந்தது குழந்தைகளுக்காக அல்ல. என் அம்மா அதில் குனிந்துதான் பருப்பு கேட்பார்.

நான் சிரித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சிரித்திருக்கலாம். மிட்டாய் வந்தால் ஆறு வயதில் யாருக்கும் சிரிப்பு வரும்.

என் பெயரைப் போடலாம். தண்ணீர் எதற்கு என்று எழுதினால் போடலாம். இல்லையென்றால் வேண்டாம். சால்வை நன்றாக இருக்கிறது, ஆனால் திருப்பி அனுப்புகிறேன். என் போன் நம்பர் கீழே இருக்கிறது.

இப்படிக்கு,
அருணாதேவி

*

எடின்பரோ,
27 ஜூலை 2025

அத்தைக்கு,

புண் ஆறியதா?

அருணாதேவி எழுதிய கடிதத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். படியுங்கள்.

எனக்குக் கோபம் வருகிறதா என்று இரண்டு நாள் காத்திருந்து பார்த்தேன். வரவில்லை. அழுகையும் வரவில்லை. ஒன்றுமே இல்லாமல் இருக்கிறது. நேற்று முழுக்க அந்தச் சத்தத்தை நினைத்துக்கொண்டிருந்தேன், காசு தண்ணீரில் விழுகிற சத்தம். அது இன்னும் எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

ஏழு வருஷமாக மற்றவர்கள் எழுதிய கடைகளைப் படித்துப் படித்து, சுவரில் இருந்த ஓட்டைகளை எல்லாம் கண்டுபிடித்துச் சொன்னவள் நான். நான் உட்கார்ந்திருந்த சுவரில் இருந்தது எனக்குத் தெரியவில்லை. காசைத் துழாவி எடுத்தது என் கை.

செப்டம்பர் முதல் தேதி புத்தகம் அச்சுக்குப் போகிறது. அருணாதேவி எழுதியிருப்பது உண்மையா என்று நீங்கள் உங்கள் கையால் எழுத வேண்டும். பதில் வராவிட்டால் அந்தப் பக்கத்தை எடுத்துவிடுவேன். உங்கள் கடையும் இருக்காது, உங்கள் பெயரும் இருக்காது.

மாமியார் வைத்த வழக்கம் என்று மட்டும் எழுதாதீர்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்.

ஓவியா

*

அடி அண்ணாமலை,
14.8.2025

ஓவியாவுக்கு அத்தை ரேணுகாம்பாள் எழுதியது.

மலை இருக்கிறது. நானும் இருக்கிறேன். புண் ஆறவில்லை. விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்கிறார் டாக்டர். எடுக்கட்டும். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கடிதத்தில் அதை எழுதவில்லையே.

அருணாதேவி எழுதியிருப்பது உண்மை. ஒரு எழுத்தும் பொய் இல்லை.

மாமியார் வைத்த வழக்கம் என்று நான் எழுதமாட்டேன். வைத்தது அவர்தான். அவர் தொண்ணூற்றிரண்டில் செத்துப்போனார். நீ அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து காசு எடுத்தது ரெண்டாயிரத்தில். நடுவில் எட்டு வருஷம் தினமும் காலையில் அந்தக் கிண்ணத்தைத் தேய்த்துத் தண்ணீர் ஊற்றி வைத்தது நான். உன் மாமாகூட ஒருநாள், "இன்னும் எதுக்குடி அது, காலம் மாறிப்போச்சு" என்றார். "நீங்க கல்லாவப் பாருங்க" என்றேன்.

நான் மனசு மாறி நிறுத்தினேன் என்றும் எழுதாதே. பாதையை அகலப்படுத்தினபோது அந்தப் பக்கச் சுவர் போய்விட்டது. சுவர் போனதால் சன்னல் போயிற்று. சன்னல் போனதால் கிண்ணம் பரணுக்குப் போயிற்று. அவ்வளவுதான்.

கிண்ணம் பரணில்தான் இருக்கிறது. பாத்திரக்காரனிடம் போகவில்லை.

இன்னொன்று. வாங்க வந்த எல்லார் பெயரும் தெரியும் என்று உனக்கு எழுதினேன். உன் கடிதம் வந்த பிறகு உட்கார்ந்து நினைத்துப் பார்த்தேன். முன்வாசலில் வந்தவர்கள் பெயர் இன்றைக்கும் வீடு வீடாகச் சொல்வேன். சன்னலுக்கு வந்தவர்களில் ஒருவர் பெயர்கூடத் தெரியாது. அருணாதேவி பெயர் தெரிந்ததும் நீ கேட்டுச் சொன்னதால்தான். முப்பது வருஷம் என்னிடம் வாங்கினார்கள். "ஏய், என்னா வேணும்" என்பேன். பாட்டியையும் அப்படித்தான், பிள்ளையையும் அப்படித்தான். உன் நாவலில் கூட்டமாக வந்து கூட்டமாகப் போகிறவர்கள் என்று நீ எழுதினாயே, அதைப் படித்த அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் காசைப் பற்றிக் கேட்டேன். அந்த வெள்ளைக்காரனும் எழுதாமல் விட்டிருக்கிறான் என்று நீ பதில் போட்டதும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நேற்றுக் காலையில் உன் பக்கத்தை எடுத்துக்கொண்டு அருணா ஸ்டோர்ஸுக்குப் போனேன். கொடுத்தேன் என்று எழுதிவிட்டேனே, கொடுக்காமல் எப்படி இருப்பது. கடை வாசலில் நின்ற ஆட்டோக்காரன், "இன்னா பெரீம்மா, வழி தப்பி வந்துட்டீங்களா? உங்க கடை அந்தாண்ட இருக்குது" என்று சிரித்தான். நான் பாட்டுக்குப் பலகைப் பக்கம் போனேன். காது கேட்காததில் அது ஒரு வசதி, கேட்டாலும் கேட்காத மாதிரி இருக்கலாம். அருணாதேவி மட்டும் என்னோடு பேசும்போது சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். ஒரு சொல் விடாமல் கேட்டது.

"என்னங்க வேணும்?" என்றாள்.

"இத படி" என்று பக்கத்தை நீட்டினேன்.

"படிச்சிட்டேங்க. தபால்ல வந்துச்சு."

"உன்கிட்ட குடுத்துட்டேன்னு எழுதிட்டேன்."

"தெரியும்ங்க."

பலகையைப் பிடித்துக்கொண்டேன். ஃபிரிட்ஜ் ஓடுகிற அதிர்வு பலகையில் கைக்குத் தெரிந்தது. காலுக்குத்தான் ஒன்றும் தெரியாது, கைக்கு எல்லாம் தெரிகிறது. "உங்க அம்மா பேரு என்னம்மா?" என்று கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா கொரோனாவுல போயிட்டாங்க. இப்ப எதுக்குங்க பேரு?"

"எழுதணும்."

அவள் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. சும்மா திரும்பி வருவதற்கு ஒரு மாதிரி இருந்தது. "அரைக் கிலோ துவரம்பருப்பு குடு" என்றேன். நிறுத்தாள். தராசில் பருப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது, கூடுதலை அவள் கை திருப்பி எடுக்கவில்லை. நல்ல நிறுவை. பையில் போட்டுப் பலகைமேல் வைத்தாள்.

"ஸ்கேன் பண்றீங்களா?"

"அந்த மாதிரி போன் எங்கிட்ட இல்ல." நூறு ரூபாய் நோட்டை நீட்டினேன்.

அவள் கை வரவில்லை. "அங்க வெச்சிடுங்க" என்றாள்.

பலகைமேல் வைத்தேன். மீதியையும் பலகைமேலேயே வைத்தாள். எடுத்துக்கொண்டேன்.

எல்லாரிடமும் அப்படித்தான் வாங்குகிறாளா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஓரமாக நின்றேன். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் போனைக் காட்டினார்கள், சாமானை எடுத்துக்கொண்டு போனார்கள். இந்தக் காலத்தில் யார் கையும் யார் கையிலும் படுவதில்லை. இவளும் அப்படியே பழகிவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக் கிளம்பப் போனேன். அப்போது மலை சுற்றி வந்த ஒரு கிழவர் தண்ணீர் பாட்டில் கேட்டு, மடியிலிருந்து இரண்டு பத்து ரூபாய் நாணயத்தை எடுத்தார். அருணாதேவி பலகையைத் தாண்டிக் கையை நீட்டி, அவர் உள்ளங்கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

நான் வீட்டுக்கு வந்தேன்.

பக்கத்தை எடுக்காதே. திருத்தி எழுது. என் பெயரை முழுசாகப் போடு, அஞ்சாம் வகுப்பு என்பதையும் போடு. தண்ணீர் எதற்கு என்பதை அதற்கு அடுத்த வரியில் போடு. பெயர் இல்லாமல் யாரோ ஒரு கடைக்காரி என்று எழுதினால் எனக்குச் சம்மதம் இல்லை. முப்பது வருஷம் கடை நடத்தினவள் நான். செய்ததும் நான்தான். கிண்ணத்தை நாளைக்கு இறக்கச் சொல்லியிருக்கிறேன். பக்கத்து வீட்டு அபிநயா படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புவாள். தேய்க்காமல் எடுக்கச் சொல்கிறேன்.

எழுதினதும் எனக்கு அனுப்பாதே. அருணாதேவியின் நம்பருக்கு அனுப்பு. அவள் அம்மா பெயர் வருகிற இடத்தைக் காலியாக விட்டு வை. அவள் சொன்னால் சேர்த்துக்கொள், சொல்லாவிட்டால் காலியாகவே போகட்டும்.

அவள் சரி என்றாளா என்று நான் நேரில் போய்க் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு ஒருத்திக்குத்தானே, அரைக் கிலோ பருப்பு தீர இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது.

அத்தை
ரேணுகாம்பாள்